வெப்பம் ஒரு பொருளா? அணுக்களின் அசைவும் நம் அன்றாடச் சொற்களும்

அறிவியல் வகுப்பில் மாணவர் தொடக்கத்திலேயே சந்திக்கும் சொற்கள் 'வெப்பம்', 'வெப்பநிலை' என்னும் இரண்டும். எழுத்தளவில் 'நிலை' என்ற ஓர் உறுப்பே இவற்றை வேறுபடுத்துகிறது. பொருளளவிலோ இவை அளக்கும் அலகாலேயே வேறுபட்டவை. வெப்பநிலையைப் பாகையில் அளக்கிறோம். வெப்பத்தை ஜூலில் அளக்கிறோம். ஆயினும் 'உடலின் வெப்பம் 37 பாகை' என்று எழுதுவாரை இன்றும் காண்கிறோம். இவ்விரு சொற்களுக்கும் அடியில் அணுக்கள் என்ன செய்கின்றன என்பதையும், நம் அன்றாடத் தமிழ் அவ்வுண்மையை எவ்வாறு காட்டுகிறது, எவ்வாறு மறைக்கிறது என்பதையும் இவ்வுரையில் காண்போம்.

வினைச்சொற்கள் சொல்லும் கதை

'சூடு ஏறுகிறது', 'சூடு இறங்கிவிட்டது' என்கிறோம். குளிரூட்டிய அறையில் அமர்ந்து, 'கதவைச் சாத்து, குளிர் வெளியே போய்விடும்' என்கிறோம். இத்தொடர்களில் சூடும் குளிரும் எழுவாயாக நின்று ஏறுதல், இறங்குதல், போதல் ஆகிய வினைகளை ஏற்கின்றன. அதாவது, அவற்றை இடம்பெயரும் பொருள்களாகவே நம் பேச்சு நடத்துகிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. அறிஞர்களும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணினர். பிரெஞ்சு வேதியியலார் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட நூலில், தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றோடு 'கலோரிக்' என்பதையும் சேர்த்திருந்தார். வெப்பம் என்பது எடையற்ற ஒரு பாய்மம். அது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாய்கிறது என்பதே அக்கொள்கை. அக்கொள்கை மறைந்த பின்னும் 'கலோரி' என்னும் அலகு உணவுப் பொட்டலங்களில் நிலைத்துவிட்டது.

இக்கொள்கையை ஐயுற வைத்தவர்களுள் முதன்மையானவர் ரம்ஃபோர்டு. மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும் பணியைக் கண்காணித்த அவர், துளைக்கும்போது பெரும் வெப்பம் எழுவதைக் கவனித்தார். மழுங்கிய கருவியால் உலோகத்தைத் தேய்க்கச் செய்து, அதைச் சுற்றி நீரை நிரப்பிவைத்தார். தீ எதுவுமின்றி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது. தேய்த்தல் தொடரும் வரை வெப்பமும் எழுந்துகொண்டே இருந்தது. வெப்பம் உலோகத்துள் அடங்கிய ஒரு பொருளாயின், ஒரு கட்டத்தில் அது தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, ஆகவே அது ஒருவகை அசைவாகவே இருத்தல் வேண்டும் என்று 1798இல் அவர் எழுதினார். பின்னர் 1840களில் ஜூல் என்பார், எவ்வளவு வேலை எவ்வளவு வெப்பத்துக்கு ஈடாகும் என்பதை அளந்து காட்டினார்.

அசைவது எது?

அசைவு என்றால், அசைவது எது? இவ்வினாவுக்கு விடை அணு. 'அணு' நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் சொல். சைவ சித்தாந்தத்தில் அது உயிரையும் குறிக்கும். அறிவியல் அதை ஏற்றபோது, தனிமம் ஒன்றின் இயல்பைத் தாங்கும் மிகச் சிறிய துகள் என்னும் பொருளை ஏற்றியது. டால்டன் 1808இல் வெளியிட்ட நூல் இக்கருத்துக்கு வேதியியலில் அடித்தளம் இட்டது. அணுவுக்குள்ளும் எலக்ட்ரான் உண்டென்று 1897இலும், நடுவே அணுக்கரு உண்டென்று 1911இலும் தெரியவந்தன. எனினும், வெப்பத்தைப் புரிந்துகொள்ள அணுவை ஒரு முழுத்துகளாகக் கொண்டாலே போதும்.

ஒரு கோடி அணுக்களை வரிசையாக அடுக்கினால் அவ்வரிசையின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இத்துணைச் சிறியதன் அசைவை எவ்வாறு அறிந்தனர்? நீரில் மிதந்த நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை 1827இல் ராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுவதே அத்துடிப்புக்குக் காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டு விளக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பெரென் அதனைச் சோதனைகளால் மெய்ப்பித்தார்.

திண்மத்தில் அணுக்கள் தத்தம் இடத்தில் நின்றபடியே அதிர்கின்றன. நீர்மத்தில் ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன. வளிமத்தில் தனித்தனியே விரைகின்றன. நாம் அமர்ந்திருக்கும் அறையின் காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் வினாடிக்குச் சராசரியாக ஏறத்தாழ 500 மீட்டர் விரைவில் பறக்கின்றன.

நிலையும் பரிமாற்றமும்

இனி, இரு சொற்களையும் வரையறுக்கலாம். துகள்களின் அசைவு சராசரியாக எவ்வளவு ஆற்றல் வாய்ந்தது என்பதைக் காட்டுவது வெப்பநிலை. வெப்பநிலை மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குக் கைமாறும் ஆற்றல் வெப்பம். முன்னது பொருளின் நிலை. பின்னது இரு பொருள்களுக்கு இடையே நிகழும் பரிமாற்றம்.

ஓர் எடுத்துக்காட்டு: 200 கிராம் கொதிநீர் ஒரு குவளையிலும், 50 பாகை செல்சியஸ் வெந்நீர் 10 கிலோகிராம் ஒரு வாளியிலும் இருப்பதாகக் கொள்வோம். வெப்பநிலை குவளையில்தான் மிகுதி. ஆனால், இரண்டும் 30 பாகைக்கு ஆறும்போது குவளை வெளிவிடுவது ஏறத்தாழ 59 கிலோஜூல். வாளி வெளிவிடுவது 840 கிலோஜூல். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றாயின் இவ்வாறு நிகழாது.

நம் கடைகளில் தே தாரிக் ஆற்றுவதையும் இதே கண்கொண்டு நோக்கலாம். தேநீரை உயரத்திலிருந்து ஊற்றும்போது அதன் பரப்பு விரிகிறது. மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுள் மிக விரைந்தவை ஆவியாகித் தப்பிச் செல்கின்றன. எஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறைகிறது, தேநீர் ஆறுகிறது. காற்றின் துகள்களும் மோதி, ஆற்றலில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்கின்றன. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் ஆவியாதலால்தான். ஒரு கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 294 கிலோஜூல் போதும். கொதிநிலையில் அதை முற்றும் ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். அப்போது வெப்பமானி சிறிதும் ஏறாது. அவ்வாற்றல் மூலக்கூறுகளின் பிணைப்பை விடுவிக்கச் செலவாகிறது.

அவ்வாறே, கதவு திறந்தால் குளிர் 'போவதில்லை'. வெளிக்காற்று உட்புகுந்து, தன் விரைவான துகள்களின் ஆற்றலை அறையிலுள்ளவற்றுக்கு அளிக்கிறது. குளிர் என்பது அசைவின் குறைவு. அக்குறைவுக்கும் ஓர் எல்லை உண்டு, அது -273.15 பாகை செல்சியஸ்.

வகுப்பறைக்கு

மலாயில் வெப்பம் 'ஹாபா', வெப்பநிலை 'சுஹு'. ஒலியால் தொடர்பற்ற இரு சொற்களாதலால் அவை எளிதில் கலப்பதில்லை. தமிழில் ஒன்று மற்றொன்றின் அடியாகப் பிறந்திருப்பதால் மயக்கத்துக்கு இடமுண்டு. ஆனால், 'நிலை' என்னும் உறுப்பே வரையறையின் பாதியைச் சொல்லிவிடுகிறது. ஆசிரியர் அவ்வுறுப்பைப் பிரித்துக் காட்டினால் மயக்கம் தெளியும்.

'சூடு இறங்கிவிட்டது' என்னும் வழக்கை வகுப்பில் தடுக்க வேண்டியதில்லை. அது நல்ல தமிழ். அதைச் சொல்லும் மாணவரிடம், 'இறங்கியது எங்கே சென்றது? எந்தத் துகள் எந்தத் துகளுக்குக் கொடுத்தது?' என்று வினவுவோம். கலைச்சொற்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடும் மாணவர் பலர் இவ்வினாவில் தடுமாறுவர். தம் சொந்தத் தமிழில், தட்டுத்தடுமாறியேனும், இதற்கு விடை சொல்லும் மாணவர் வெப்பத்தைப் புரிந்துகொண்டவர். அறிவியலைத் தமிழில் கற்பிப்பதன் பயனை நாம் அளக்க வேண்டிய இடமும் அதுவே.