வாப்பாவிடம் சொல்லலாமா? கடைசிக் காலப் பராமரிப்பு குறித்து செவிலியர் ஆய்வுகளும் மார்க்கமும்

மஸ்அலா கேட்டு நமக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. தலாக், பாகப்பிரிவினை, ஜகாத் கணக்கு இவற்றுக்கு நடுவே மருத்துவமனை வராந்தாவிலிருந்து யாராவது பேசுகிறார்கள். "ஹஜ்ரத், வாப்பாவுக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது போதைப்பொருள்தானே, கொடுக்கலாமா?" "உம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. அவர்களுக்குத் தெரியாது. மறைத்து வைத்திருப்பது கூடுமா?" "வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்கிறார் டாக்டர். டிரிப் ஏற்றாமல் விட்டால் பட்டினி போட்ட பாவம் வருமா?"

ஃபிக்ஹ் நூல்களை மட்டும் புரட்டினால் இவற்றுக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். மருந்து உடம்பில் என்ன செய்கிறது, உண்மையைச் சொன்னால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதைத் துறை அறிந்தவர்களிடம் கேட்ட பிறகே சட்டம் சொல்ல முடியும். இந்தத் துறையில் அதிகம் அறிந்தவர்கள் செவிலியர்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். இரவு மூன்று மணிக்கு நோயாளி முனகும்போது பக்கத்தில் நிற்பது நர்ஸ்தான். அவர்கள் கண்டதும் அளந்ததும் இன்று பெரிய ஆய்வுத் துறையாக வளர்ந்திருக்கிறது.

'பேலியேட்டிவ் கேர்' எனப்படும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையே ஒரு செவிலியரின் உழைப்பில் உருவானதுதான். சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதற்கும் பிறகுதான் டாக்டர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். நோயாளியின் வேதனை உடம்பில் மட்டும் இல்லை. மனதிலும், குடும்பக் கவலையிலும், இறைவனைப் பற்றிய கேள்வியிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. நமக்கு இது அந்நியமான பேச்சு அல்ல. அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள் என்று சீரா நூல்களில் வாசிக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். இது கருணைக் கொலை அல்ல. உயிரைப் பறிக்க ஊசி போடுவது ஹராம், அதில் பேச்சுக்கே இடமில்லை. 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி மருத்துவம் குறித்து எடுத்த தீர்மானத்தில், குணமாகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளியின் மன வேதனையையும் உடல் வேதனையையும் தணிக்கத் தொடர்ந்து பாடுபட வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றிருக்கிறது. பேலியேட்டிவ் கேர் செய்வதும் அதைத்தான்.

இனி மார்ஃபின். அது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. போதைக்காக உட்கொள்வது வேறு, தாங்க முடியாத வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பது வேறு. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதை ஏற்கும் நாம் இதில் மட்டும் தயங்க வேண்டியதில்லை. "மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் மவ்த் ஆகிவிடுவார்கள்" என்ற பயமும் நம்மிடம் உண்டு. வலியின் அளவு பார்த்து, குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு பெரும்பாலும் தெளிந்துவிடும். நீடிக்கும் தொந்தரவு மலச்சிக்கல்தான். அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். கலிமா சொல்ல நினைவு வேண்டுமே என்று கவலைப்படுபவர்கள், அந்தக் கவலையை அப்படியே டாக்டரிடமும் நர்ஸிடமும் சொல்லலாம். நினைவு தெளிவாக இருக்கும்படி அளவைச் சரிசெய்ய அவர்கள் முயல்வார்கள். வலியில் துடிப்பவருக்கும் நினைவு தெளிவாக இருப்பதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நோய் முற்றிய பிறகு, கடைசி வாரத்தில்தான் இந்தச் சிகிச்சை என்ற எண்ணமும் தவறு. அமெரிக்காவில் மேரி பகிடாஸ் என்ற செவிலியர் ஆய்வாளர் தலைமையில் நடந்த 'எனேபிள்' ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். 2009-ல் வெளியான ஆய்வில் புற்றுநோய் முற்றிய 322 பேர் பங்கேற்றார்கள். பெரும்பாலும் கிராமப்புறப் பகுதி. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற நர்ஸ் தொலைபேசியில் பேசினார், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒன்றாக நான்கு அமர்வுகள், பிறகு மாதம் ஒரு முறை விசாரிப்பு. தொந்தரவுகளை எப்படிச் சமாளிப்பது, டாக்டரிடம் எப்படிக் கேட்பது, குடும்பத்தோடு என்ன பேசுவது என்று. அவர்களின் வாழ்க்கைத் தரமும் மனநிலையும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. நோயின் தொந்தரவுகள், மருத்துவமனையில் கழித்த நாட்கள் ஆகியவற்றில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். 2015-ல் வெளியான, 207 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில் இந்த உதவியை உடனே பெற்றவர்களையும் மூன்று மாதம் கழித்துப் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். உடனே பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 63 சதவீதம், தாமதமாகப் பெற்றவர்களில் 48 சதவீதம். நோயாளியைக் கவனித்துக்கொண்ட உறவினர்களிடமும் உடனே உதவி கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால் 'பேலியேட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டதும் 'கைவிட்டுவிட்டார்கள்' என்று பயந்து ஓடுபவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இனி, நம் வீடுகளில் மிகக் கடினமான விஷயம்: மறைப்பது. ரிப்போர்ட் பிள்ளைகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பார். பாசத்தால்தான் செய்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் அதனால் அவருக்கு என்னென்ன பறிபோகின்றன என்று பாருங்கள். அவர் வஸிய்யத் செய்ய வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்குள். கொடுக்க வேண்டிய கடன் இருக்கலாம், மனைவிக்குக் கொடுக்காத மஹர் இருக்கலாம், விடுபட்ட நோன்புக்கு ஃபித்யா இருக்கலாம், ஹஜ் பாக்கியிருக்கலாம். பேச்சை முறித்துக்கொண்ட தம்பியிடம் பொருத்தம் தேட வேண்டியிருக்கலாம். "இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் எழுந்து நடப்பீர்கள்" என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால் இதையெல்லாம் அவர் எப்போது செய்வார்?

உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டபோது மருத்துவரை அழைத்தார்கள். குடிக்கக் கொடுத்த பால் காயத்தின் வழியே வெளியே வந்தது. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை; வஸிய்யத் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நேராகச் சொன்னார். வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று உமர் (ரலி) அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். கிடைத்த நேரத்தில் மகனை அழைத்துக் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள், எண்பத்தாறாயிரம் என்ற அளவில் வந்தது. அடுத்த கலீஃபாவுக்கு ஆறு பேரைப் பெயர் சொல்லி வைத்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஆள் அனுப்பி அடக்கம் செய்ய இடம் கேட்டார்கள். மருத்துவர் மறைத்திருந்தால் இவற்றுக்கு நேரம் கிடைத்திருக்குமா?

"சொன்னால் மனம் உடைந்துபோவார்களே" என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2008-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் புற்றுநோய் முற்றிய 332 நோயாளிகளையும் அவர்களைக் கவனித்தவர்களையும் தொடர்ந்து பார்த்தார்கள். கடைசிக் காலம் பற்றி டாக்டரோடு பேசியதாகச் சொன்னவர்கள் 37 சதவீதம் மட்டுமே. பேசியவர்களுக்கு மனச்சோர்வோ கவலையோ கூடியிருக்கவில்லை. அவர்களில் கடைசி வாரத்தில் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் 1.6 சதவீதம், பேசாதவர்களில் 11 சதவீதம். கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளுக்கு ஆளான நோயாளிகளின் உறவினர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. அங்குள்ள குடும்ப அமைப்பு வேறு, நம்முடையது வேறு, அதை மறுக்கவில்லை. ஒரேயடியாகப் போட்டு உடைக்கவும் நாம் சொல்லவில்லை. "உங்கள் நோயைப் பற்றி நீங்களே எல்லாம் கேட்டுக்கொள்கிறீர்களா, இல்லை மூத்த மகனிடம் சொன்னால் போதுமா?" என்று முதலில் அவரிடமே கேட்கலாம். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அவருடையது.

கடைசி நாட்களுக்கு வருவோம். உணவு நின்றுபோகிறது, தண்ணீரும் இறங்குவதில்லை. உறவினர்கள் பதறி "குளுக்கோஸாவது ஏற்றுங்கள்" என்கிறார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருந்த 129 புற்றுநோயாளிகளில் ஒரு சாராருக்கு நாளுக்கு ஒரு லிட்டர், மறுசாராருக்கு வெறும் 100 மில்லி திரவம் ஏற்றினார்கள். தொந்தரவுகளிலோ, வாழ்க்கைத் தரத்திலோ, ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உடல் ஓயும்போது பசி குறைவது அந்த நிலையின் இயல்பு. கேட்டால் கொடுக்கிறோம், கேட்காதபோது திணிப்பதில்லை, இது பட்டினி போடுவது ஆகாது. வாய் உலர்வதுதான் உண்மையான தொந்தரவு. அதனால் ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் அடிக்கடி நனைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள் செவிலியர்கள். நம் ஃபிக்ஹ் நூல்களில் சகராத்தில் இருப்பவருக்குச் செய்யச் சொன்னதும் இதேதான்: தொண்டையைத் தண்ணீரால் நனைப்பது, பஞ்சால் உதட்டை ஈரமாக்குவது. பக்கத்தில் இருப்பவர் குடும்பத்திலேயே மிக மென்மையானவராக இருக்கட்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தல்கீனுக்கும் இதே மென்மைதான். ஐந்தாறு பேர் சூழ்ந்து "சொல்லுங்க, சொல்லுங்க" என்று நெருக்குவதை நாம் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம். வேதனையில் இருப்பவர் சலித்துப்போய் மனதால் வெறுத்துவிடக் கூடாது என்பதால் அதிகம் திரும்பத் திரும்பச் சொல்வதை உலமாக்கள் வெறுத்தார்கள் என்று இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார்கள். அவர் காதில் விழும்படி நாம் மெதுவாகச் சொன்னால் போதும். ஒருமுறை சொல்லிவிட்டால், வேறு பேச்சு பேசாதவரை மறுபடி சொல்ல வைக்க வேண்டியதில்லை.

ஐசியு விஷயத்தில் மட்டும் ஒரு குறிப்பு. மூளை முழுவதும் செயலிழந்து இனி திரும்பாது என்று நிபுணர்கள் உறுதி செய்துவிட்டால் செயற்கைக் கருவிகளை அகற்றலாம் என்று அதே ஃபிக்ஹ் அகாடமி 1986-ல் அம்மானில் முடிவு செய்திருக்கிறது. மற்ற நிலைகளில், டாக்டர் சொல்வதை எழுதி வாங்கிக்கொண்டு ஓர் ஆலிமிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டால், முதலில் பக்கத்து மாநிலத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, பின்னர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாக மாறியது. பயிற்சி பெற்ற தொண்டர்களும் நர்ஸும் வீடு தேடிப் போவார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள், மருந்து கொடுப்பார்கள், வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 2008-ல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அடக்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்கள்.

நம் ஜமாஅத்துகளில் மய்யித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் ஆணிலும் பெண்ணிலும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். சந்தூக் இருக்கிறது, கஃபன் துணி தயாராக இருக்கிறது. படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒரு ஓய்வு பெற்ற நர்ஸை அழைத்து மதரஸா கட்டடத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கொடுத்தால் ஒரு மஹல்லாவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். கட்டிலைக் கிப்லாவை நோக்கித் திருப்பிப் போடுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.