அப்பா (அரமேயச் சொல்)

அப்பா என்பது தந்தை எனப் பொருள்படும் அரமேய மொழிச் சொல்லாகும். இயேசு கடவுளை அழைத்த சொல்லாக இது புதிய ஏற்பாட்டில் இடம்பெற்றுள்ளது. கடவுள் தம்மை நம்புவோருக்குத் தந்தையைப் போல அண்மையில் இருக்கிறார் என்னும் கிறித்தவக் கருத்தை விளக்கும்போது இச்சொல் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது.

சொல்

அரமேயம், எபிரேயத்துடன் நெருங்கிய உறவுடைய செமித்திய மொழியாகும். இயேசு வாழ்ந்த கலிலேயாவில் இதுவே மக்களின் பேச்சுமொழியாக இருந்தது. தமிழிலுள்ள "அப்பா" என்ற சொல்லுடன் இதற்கு உள்ள ஒற்றுமை தற்செயலானது. குழந்தைகள் தொடக்கத்திலேயே எளிதாக ஒலிப்பவற்றுள் இதழ்கள் பொருந்திப் பிறக்கும் ஒலிகளும் அடங்கும். ஆதலால், உறவில்லாத மொழிகளிலும் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் ஒத்துக் காணப்படுகின்றன. அரமேயச் சொல்லின் நடுவிலுள்ள ஒலி, "அம்பு" என்பதிலுள்ள பகரத்தைப் போன்றது. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு தெரிவதில்லை.

பழைய ஏற்பாட்டுப் பின்னணி

கடவுளின் கனிவைப் பெற்றோரின் அன்புடன் ஒப்பிடுவது இயேசுவுக்கு முன்பே யூதரிடையே இருந்தது. பிள்ளைக்கு நடை பழக்குபவராகவும் (ஓசேயா 11:3), பிள்ளைகள்மேல் இரங்கும் தந்தையாகவும் (திருப்பாடல்கள் 103:13), தேற்றும் தாயாகவும் (எசாயா 66:13) கடவுள் சித்தரிக்கப்படுகிறார்.

புதிய ஏற்பாட்டில்

இச்சொல் புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் மட்டுமே வருகின்றது. மூன்றிலும் இதனை அடுத்துத் தந்தை என்னும் கிரேக்கச் சொல் உள்ளது.

மாற்கு 14:36 இல், கைது செய்யப்படுவதற்கு முன் கெத்சமனியில் இயேசு இவ்வாறு வேண்டுகிறார். துன்பம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று கேட்கும் அவர், இறுதியில் தந்தையின் விருப்பத்துக்கே தம்மை ஒப்படைக்கிறார். எனவே இங்கு நெருக்கமும் கீழ்ப்படிதலும் இணைந்தே காணப்படுகின்றன.

உரோமையர் 8:15, கலாத்தியர் 4:6 ஆகியவற்றில், தூய ஆவியால் நம்பிக்கையாளரும் கடவுளை இவ்வாறே அழைப்பதாகப் பவுல் எழுதுகிறார். அவர்கள் அடிமைகள் அல்லர், பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் என்பது அவரது வாதம். உரோமைச் சட்டத்தில் தத்தெடுக்கப்பட்ட மகனுக்கும் சொத்துரிமை உண்டு. அதுபோலவே நம்பிக்கையாளரும் கடவுளின் உரிமைப்பேறு பெறுவோர் ஆகின்றனர். கிரேக்கம் பேசிய சபைகளும் இவ்வரமேயச் சொல்லை மொழிபெயர்க்காமல் காத்து வந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

ஆய்வாளர் கருத்துக்கள்

செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாசு (1900–1979), கடவுளை இவ்வாறு அழைத்தது இயேசுவின் தனித்தன்மை என வாதிட்டார். இதன் அடிப்படையில், இது மழலைச் சொல் என்னும் விளக்கம் மறையுரைகளில் பரவியது. ஆனால் அதனை வெறும் மழலையாகக் கொள்வது தவறு என்று எரேமியாசே பின்னர் எச்சரித்தார். வளர்ந்த பிள்ளைகளும் தந்தையை இவ்வாறே அழைத்தனர் என்பதைச் சேம்சு பார் 1988 இல் விரிவாகக் காட்டினார். ஆகவே இச்சொல் குறிப்பது விவரமறியாக் குழந்தையின் சார்பை மட்டுமன்று. துன்பத்தை அறிந்தும் தந்தையை நம்பும் பிள்ளையின் உறவையும் ஆகும்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில்

தமிழ் விவிலியங்களிலும் இச்சொல் அப்படியே வைக்கப்பட்டுள்ளது. பழைய மொழிபெயர்ப்பில் இதனை அடுத்துப் "பிதாவே" என்றும், 1995 இல் வெளிவந்த திருவிவிலியத்தில் "தந்தையே" என்றும் உள்ளது. வீட்டில் வழங்கும் சொல்லே விவிலியத்திலும் வருவதால், தமிழ் வாசகர் பலர் இதனை அரமேயச் சொல் என உணராமலே வாசிக்கின்றனர்.