வீட்டு முற்றமும் தேகப்பயிற்சியும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியாகக் குச்சவெளி நோக்கி வடக்கே செல்பவர், களப்பு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடந்தே செல்லவேண்டும். பாலத்தை அடுத்துள்ள இறக்கக்கண்டி ஒரு மீன்பிடிக் கிராமம். தேகப்பயிற்சி என்ற சொல் அங்கு அன்றாடம் வழங்குவதன்று. ஆயினும் தோணியைத் தள்ளுவதும், வலையை இழுப்பதும், மணலில் நடப்பதும், கடைக்கும் பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வருவதும் அக்கிராம மக்களுக்குப் பயிற்சியாகவே அமைந்திருந்தன. பெயரில்லாத அப்பயிற்சி ஒருநாள் திடீரென நின்றது.

2020 மார்ச் 11 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொவிட் நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 20 மாலை ஆறு மணி முதல் இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது படிப்படியாகத் தளர்த்தப்பட்டு ஜூன் 28 இல் முற்றாக நீங்கியது. மறு ஆண்டு ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் 1 வரை மீண்டும் நாடு முடக்கப்பட்டது. தொழில் செய்வோருக்குச் சில வேளைகளில் அனுமதி கிடைத்தபோதும், முதியோரும் பெண்களும் மாணவரும் வளவுக்குள்ளேயே அடைபட்டனர். நோயிலிருந்து காத்த அதே வேலி, காலுக்கு விலங்காகவும் அமைந்துவிட்டது.

இஃது ஒரு கிராமத்தின் கதை மட்டுமன்று. கைத்தொலைபேசியில் காலடிகளைக் கணக்கிடும் ஒரு செயலியைக் கொண்டு 187 நாடுகளில் ஆராய்ந்தபோது, பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட முப்பது நாள்களுக்குள் மக்களின் நடை சராசரியாக 27 சதவீதம் குறைந்தமை தெரியவந்தது.

நடை குறைவதால் என்ன கேடு நேரும்? 1953 இல் ஜெரி மொறிஸ் என்ற மருத்துவரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. இலண்டன் மாநகரின் இரட்டைத் தட்டுப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. 1966 இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். அவர்களுடைய உடலின் உழைப்புத்திறன் கால்பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகளின் பின் அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை விளைத்த நலிவினும் மூன்று வாரப் படுக்கை விளைத்த நலிவே பெரிதெனக் கண்டனர்.

இதன் காரணம் விளங்குவதற்கு அரியதன்று. உண்ட சோற்றிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை வாங்கிச் செலவிடுவதில் பெரும்பங்கு தசைகளுடையது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் தங்கிய இரத்தம் மேல்நோக்கி ஏறுகிறது. தசை சோம்பினால் நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏறும். முதியவருக்குக் கால் தளரும். தளர்ந்த கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முடக்கம் நீங்கிய பின்னும் அவருக்கு வீடே சிறையாகிவிடும்.

ஆகவே, முடங்கிய நாள்களில் ஒருவர் முதலில் கேட்கவேண்டிய வினா, 'எந்தப் பயிற்சி செய்வது?' என்பதன்று, 'இழந்த அசைவு எது?' என்பதேயாகும். கடைக்கு நடந்த நடையை இழந்தவர் முற்றத்தில் நடக்கலாம். பத்து மீற்றர் நீளமான முற்றத்தை ஐம்பது முறை போய் வந்தால் ஒரு கிலோமீற்றர் ஆகும்; அதற்குப் பன்னிரண்டு நிமிடம் அளவே செல்லும். வலை இழுத்த கைக்குச் சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி உடலைத் தள்ளி மீட்பதும், வாளியில் நீர் இறைப்பதும் உதவும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது தொடைக்கு வலுத் தரும். முதியவர் சுவரைத் தொட்டவண்ணம் ஒற்றைக் காலில் சிறிது நேரம் நின்று பழகுதல் நன்று.

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உழைக்கவேண்டும் என்பதும், இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டவேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்த நெறி. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு மும்முறை பத்துப் பத்து நிமிடம் நடந்தால் 150 நிமிடம் நிறைந்துவிடும். பேசமுடிகிறது, பாடமுடியவில்லை என்னுமளவுக்கு மூச்சு வாங்கினால் அதுவே மிதமான உழைப்பு. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் நடப்பதென வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது. சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும்.

எச்சரிக்கையும் வேண்டும். காய்ச்சல் உள்ள வேளையில் பயிற்சி கூடாது. கொவிட் கண்டு தேறியவர் சிறிது சிறிதாகவே பழைய நிலைக்குத் திரும்புதல் வேண்டும். மார்பு வலியோ, தலைச்சுற்றோ, வழமைக்கு மாறான மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும்.

ஊரடங்கு நீங்கி ஆண்டுகள் கழிந்தன. இறக்கக்கண்டிக் கரையில் தோணிகள் மீண்டும் தள்ளப்படுகின்றன. எனினும் வீட்டுக்குள் முடங்கும் காலம் பெருந்தொற்றால் மட்டும் வருவதன்று. மாரி மழையும் வெள்ளமும் நோயும் முதுமையும் எவரையும் ஒருநாள் உள்ளே இருத்தலாம். அன்று பாதை அடைபட்டிருக்கலாம்; பத்து மீற்றர் முற்றம் திறந்தே இருக்கும். அதில் நடக்க இன்றே பழகியவருக்கு அந்நாள் பெருஞ்சுமையாக இராது.