26 முறை சொன்ன சொல்

ஆத்மாவைக் குறிக்கும் சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்ட சங்கீதம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. 'ஸோல்' என்று அதை அழைக்கிறார்கள். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பிறந்த பக்தி கானமும், அடிமைகளாய் உழைத்தவர்களின் சந்ததியார் பாடிவந்த 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டும் அதற்குத் தாய் தந்தையர். 1954-ஆம் வருஷத்தில் ரே சார்லஸ் என்னும் கண்பார்வையற்ற பாடகர், தேவாலய கீதம் ஒன்றைத் தழுவி, கடவுள் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை அமர்த்திப் பாடினார். பக்தர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நம் ஆழ்வார்கள் காதலின் மொழியில் கடவுளை அழைத்தார்கள் அல்லவா? இவர்கள் கடவுளை அழைத்த குரலில் காதலியை அழைத்தார்கள். ஆகவே, இந்தச் சங்கீதத்தில் காதல் முறியும்போது, தெய்வத்தால் கைவிடப்பட்டவனின் ஓலமே கேட்கிறது.

ஓலமிடாமலே அந்தத் துயரத்தைப் பாடியவர் பில் விதர்ஸ். 1938-ல் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதில் திக்குவாய். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். கடற்படையில் ஒன்பது ஆண்டுகள் சேவை செய்தபின், ஆகாய விமானங்களுக்கு வேண்டிய கழிப்பறைச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1962-ல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில், குடிப்பழக்கத்தால் சீரழியும் தம்பதிகளின் கதையைக் கண்டதே 'எயின்ட் நோ சன்ஷைன்' என்ற பாட்டுக்கு வித்தாயிற்று. படத்தின் முடிவில் கணவன் குடியை விட்டுவிடுகிறான், மனைவியால் முடியவில்லை. அவள் வெளியேறுகிறாள்.

1971-ல் வெளிவந்த இப்பாட்டு இரண்டு நிமிஷமே ஓடுவது. அதன் நடுவில் 'எனக்குத் தெரியும்' என்று பொருள்படும் இரு சிறு சொற்களை விதர்ஸ் 26 முறை சொல்லுகிறார். வேறு வார்த்தைகள் எழுதி அவ்விடத்தை நிரப்பவே எண்ணியிருந்தார். உடனிருந்த அநுபவசாலிகளான வித்வான்கள் "அப்படியே இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டார்களாம். நம் பாடகர்கள் நிரவல் செய்யும்போது ஒரே அடிக்குப் புதுப்புது அலங்காரம் பூட்டுவார்கள். இங்கே அலங்காரம் எதுவும் இல்லை. அவளை மறந்துவிடுவதே நல்லது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அறிவு அதையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. மனம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. என் அபிப்பிராயத்தில், பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விரகப் புலம்பல்கள் பல இந்த 26-க்கு ஈடாகமாட்டா.

இசைத்தட்டின் முதற்பக்கத்துக்கு வேறொரு பாட்டையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். வானொலிக்காரர்கள்தாம் தட்டைத் திருப்பிப் போட்டு இதைப் பிரபலப்படுத்தினார்கள். 1972-ல் 'கிராமி' பரிசும் கிடைத்தது. இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றபோது, கம்பெனியார் விதர்ஸுக்குப் பொன்முலாம் பூசிய கழிப்பறை ஆசனம் ஒன்றைப் பரிசளித்தார்கள்!

2020-ல் விதர்ஸ் காலமானார். அவருடைய முதல் இசைத்தட்டின் அட்டையில், தொழிற்சாலைச் சுவரோரம் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக நிற்கிறார். மத்தியான இடைவேளையில் எடுத்த படம் அது.