பரிசோதனை மையத்தில் உண்மையைச் சொல்லுங்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அதன் பிறகு மருந்தும் சட்டமும் வெகுதூரம் வந்துவிட்டன. ஆனாலும் நகரங்களில் வாழும் தன்பாலீர்ப்பு ஆண்கள் பலர் பரிசோதனைக்குப் போக இன்னும் தயங்குகிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 கண்காணிப்பில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் தொற்று இருந்தது. பொதுவாக வயது வந்தோரில் அது ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவில்தான்.

நம்பிக்கை மையத்தில் என்ன நடக்கும்?

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார். பிறகு கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். முதல் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் அதோடு சரி. இருப்பதுபோல் காட்டினால், வேறு இரண்டு வகைக் கிட்டுகளிலும் பார்த்த பிறகே உறுதி செய்வார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் தடுக்கிறது.

நேற்றைய உறவால் தொற்று வந்திருந்தால் இன்றைய சோதனையில் தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

சொல்லாமல் விட்டால் சிக்காத நோய்கள்

ஆலோசகரோ டாக்டரோ யாரோடு உறவு என்று கேட்டால், "கேர்ள் ஃபிரண்டோட" என்று சொல்லித் தப்பிக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஆசனவாயிலும் தொண்டையிலும் தொற்றும் கொனோரியாவும் கிளமிடியாவும் பெரும்பாலும் வலியே தராது. சிறுநீர்ச் சோதனையில் அகப்படவும் செய்யாது. அந்த இடங்களிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். சிபிலிஸ் புண் வலிக்காமல் வந்து தானாக ஆறிவிடும், நோய் மட்டும் உடம்பிலேயே இருக்கும். வீட்டார் வற்புறுத்தலில் கல்யாணம் செய்துகொண்டவர் மறைத்தால், ஒன்றும் அறியாத மனைவிக்கும் அது போய்ச் சேரும்.

நோயாளி பொய் சொல்வது பெரும்பாலும் டாக்டரின் முகச்சுளிப்புக்குப் பயந்துதான். தன்பாலுறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துவிட்டது. இனியும் ஒழுக்கப் பாடம் எடுக்கும் மருத்துவர், நோயாளியை விரட்டுகிறார் என்றே நான் சொல்வேன்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

ஆசனவாயின் உட்சவ்வு மெல்லியது, எளிதில் கிழியும். வழவழப்புக்காகப் பலர் தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ தடவிக்கொள்கிறார்கள். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை பலமிழந்து கிழிந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் சரி.

72 மணி நேரம்

ஆணுறை கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்றைப் பெருமளவு தவிர்க்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மறுநாள் வரை யோசிக்க வேண்டாம். அடிக்கடி ஆபத்தைச் சந்திப்பவர்களுக்கு, உறவுக்கு முன்பே எடுக்கும் ‘பிரெப்’ மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

தொற்று உறுதியானாலும், எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசம். பெரும்பாலானோருக்குத் தினம் ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.