ஹஜ்ஜுக்கு முன் தீர்க்கவேண்டிய கணக்கு

கண்டி மாநகரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில், ஏறக்குறைய ஆறு மைல் தொலைவில் அமைந்துள்ளது அக்குறணை. கண்டியரசர் காலத்தில் வந்த அறபியர் மூவர் இங்குக் குடியமர்ந்தனர் என்பது இவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. வணிகத்தாற் பெயர்பெற்ற ஊர் இது; கணக்குப் பார்க்க அறியாதார் இங்கு அரியர். ஆயினும், ஹஜ் யாத்திரைக்கு ஆயத்தமாகும் ஒருவர் பார்க்கவேண்டிய கணக்குக் கடையேட்டோடு முடிந்துவிடுவதன்று.

இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஹஜ் ஐந்தாவது. வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் சக்தி பெற்றவர்மீதே அது கடமையாகும். சக்தி என்பது யாது? வழிச்செலவு மட்டுமன்று. பட்ட கடன் தீரவேண்டும். திரும்பி வரும்வரை மனைவி மக்களின் உணவுக்கும் உறையுளுக்கும் வழி செய்திருக்கவேண்டும். உடலில் வலிமையும் பாதையில் அச்சமின்மையும் வேண்டும். செலவிடும் பொருள் ஹலாலான வழியில் ஈட்டியதாகவும் இருத்தல் வேண்டும். இவை இல்லாதவரைக் கடன் வாங்கியேனும் வா என்று மார்க்கம் வற்புறுத்தவில்லை.

புறப்படுமுன் உற்றார், அயலார் இல்லங்களுக்குச் சென்று, “அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்பது நம்மவரிடையே நிலவும் நல்வழக்கம். கப்பலில் திங்கள் கணக்காகப் பயணஞ்செய்த காலத்தில், சென்றவர் மீள்வது உறுதியன்று. இன்று விமானம் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறக்கிவிடுகின்றது. ஆயினும் அவ்வழக்கத்தின் கருத்து மாறவில்லை. இறைவனுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான்; மனிதனின் உரிமையைப் பறித்திருந்தால், அவ்வுரிமையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது உரியவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கவேண்டும்.

நண்பர் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்பது எளிது. தந்தையின் காணியில் தனக்குரிய பங்கைப் பெறாத தங்கையின் வாசலில் நிற்பதே அரிது. மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே. மஹரையும் கைக்கூலியையும் கேட்டு மனைவி காதியாரிடம் முறையிட 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இடமளிக்கின்றது. அவள் முறையிடும்வரை காத்திராமல் கொடுப்பவரே யாத்திரைக்கு ஆயத்தமானவர்.

கி.பி. 632ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிகழ்த்திய இறுதி ஹஜ்ஜின் பேருரையிலும் மனிதரின் உயிரும் உடைமையும் புனிதமானவை என்பதே முன்னிற்கின்றது. அறபா வெளியில் துல்ஹஜ் ஒன்பதாம் நாளன்று நின்று கையேந்துபவர், பிறர் உடைமையைக் கையில் வைத்துக்கொண்டு எதனைக் கேட்பார்?

ஆண்கள் அணியும் இஹ்றாம் உடை தையலற்ற இரு துண்டுகள். அதனைக் காண்போருக்குக் கபன் துணி நினைவுக்கு வரும். அந்நிலையில் சச்சரவும் தீச்சொல்லும் விலக்கப்பட்டவை. கடையிலும் வீட்டிலும் பழகாத பொறுமை, பல இலட்சம் பேர் நெருங்கும் மினாவில் திடீரென வந்துவிடாது.

உடலையும் பழக்கவேண்டும். மலைநாட்டுக் குளிர்ச்சியில் வாழ்ந்தவர்க்கு மக்காவின் வெயில் கடிது. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது அங்கு வெப்பம் 50 பாகை செல்சியசைக் கடந்தது. 1,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் உரிய அனுமதியின்றிச் சென்று, நிழலும் தங்குமிடமுமின்றி நெடுந்தூரம் நடந்தவர்கள். முறையான அனுமதி பெறுவதும், நாள்தோறும் நடந்து பழகுவதும் ஆயத்தத்தின் பகுதிகளே.

இவ்வளவு செய்தும் சிலருக்கு வழி திறப்பதில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் காரணமாக வெளிநாடுகளிலிருந்து வருவோர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. 2022இல் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது வரை உயர்ந்தது. பல ஆண்டுச் சேமிப்பு சில வாரங்களிற் சுருங்கிற்று. அத்தகையோர் மனமுடைய வேண்டியதில்லை. சக்தி இல்லாதபோது கடமையும் இல்லை. தூய நிய்யத்து வீண்போவதுமில்லை. சக்தி பெற்றிருந்தும் செல்லாமல் மரித்தவருக்காக, அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து பிறரைக்கொண்டு ஹஜ் செய்விக்கவேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு.

மக்கா சென்று மீண்டவரை ஊரார் ஹாஜியார் என்று அழைப்பர். சேர்த்துவைத்த பணத்தைத் தங்கையின் பங்குக்காகக் கொடுத்துவிட்டு, அவ்வாண்டு ஊரிலேயே தங்கிவிட்டவரை யாரும் அவ்வாறு அழையார். எனினும், முதலில் தீர்க்கவேண்டிய கடனை அவர் தீர்த்துவிட்டார். பயணத்துக்கு இனி அவர் புதிதாகச் சேமிக்கத் தொடங்கலாம்.