படகு மோட்டரின் எரிபற்றல் அமைப்பைச் செப்பனிடும் முறை

மலைநாட்டின் நீர்ப்பரப்புகளிற் சில பழமையானவை. சில அண்மைக் காலத்தவை. நுவரெலியாவின் கிறகெரி வாவி, ஆளுநர் சேர் வில்லியம் கிறகெரியின் காலத்தில் 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. ஹட்டனை அடுத்த காசல்றீ நீர்த்தேக்கம் 1965ஆம் ஆண்டிலும், மஸ்கெலியாவின் மவுசாகலை நீர்த்தேக்கம் 1969ஆம் ஆண்டிலும் உருவாயின. இத்தகைய நீர்நிலைகளிற் படகின் பின்புறத்தில் மாட்டிச் செலுத்தும் மோட்டர் நடுவழியில் நின்றுவிடுமாயின், காற்று படகைத் தன் போக்கில் இழுத்துச் செல்லும். மவுசாகலையில் நீர்மட்டம் தாழுங்காலத்தில், மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கட்டட எச்சங்கள் தலைகாட்டுவதுண்டு. அவ்விடத்தில் வலுவிழந்த படகு மோதினால் உயிருக்கே ஆபத்து நேரும்.

பழைய மோட்டர்கள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் எரிபற்றல் அமைப்பின் பழுதே காரணமாகும். இப்பழுது பெரும்பாலும் சிறியது; பொறுமையும் சில கருவிகளும் உடையவர் தாமே நீக்கிக்கொள்ளலாம். மரக்கறித் தோட்டங்களிற் பயன்படும் பழைய பெற்றோல் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் மருந்து தெளிக்கும் இயந்திரங்களுக்கும் இங்கு கூறப்படுவன பெரும்பாலும் பொருந்தும்.

1. தீப்பொறி பிறக்கும் விதம்

பழைய மோட்டர்களிற் பெரும்பாலானவற்றுக்கு மின்கலம் இல்லை. மின்சாரத்தை மக்னீற்றோ என்னும் அமைப்பே உண்டாக்குகின்றது. உயர் அழுத்த மக்னீற்றோவை ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தில் கொற்லொப் ஹொனோல்ட் 1902ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

மோட்டரின் தலைப்பகுதியிலுள்ள பறப்புச் சில்லில் காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. கயிற்றை இழுக்கும்போது அச்சில்லு சுழன்று, உள்ளிருக்கும் கம்பிச்சுருளில், அதாவது கொயிலில், மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. கொயிலில் தடித்த கம்பியாலான சுருள் ஒன்றும், அதன்மேல் மயிர்போன்ற மெல்லிய கம்பியால் பல்லாயிரம் சுற்றுக்கள் கொண்ட மற்றொன்றும் உண்டு. தடித்த சுருளின் மின்னோட்டம் பொயின்ற் எனப்படும் இரு தொடுமுனைகளின் வழியே ஓடுகின்றது. தண்டிலுள்ள மேடு உரிய வேளையில் அம்முனைகளைப் பிரித்துவிட, ஓட்டம் திடீரென அறுகின்றது. அக்கணமே மெல்லிய சுருளிற் பல்லாயிரம் வோல்ற் அழுத்தம் எழுந்து, பிளக்கின் முனையில் தீப்பொறியாகப் பாய்கின்றது. தொடுமுனைகள் பிரியும்போது அவற்றிடையே பொறி பறந்து அவை எரிந்துபோகாவண்ணம் கண்டென்சர் காக்கின்றது.

2. மலைநாட்டிற் பழுது ஏற்படக் காரணம்

மூடுபனியும் இரவுக் குளிரும் சில்லின் உட்புறத்தில் ஈரத்தைப் படியவிடுகின்றன. வாரக்கணக்கில் ஓடாத மோட்டரில் தொடுமுனைகளின்மீது மெல்லிய மாசு படர்கின்றது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அம்மாசே மின்னோட்டத்தைத் தடுக்கப் போதுமானது.

மற்றொரு காரணமும் உண்டு. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. அங்கு காற்றின் அடர்த்தி குறைவு. கடற்கரையில் ஒழுங்குசெய்த காபரேற்றருடன் வரும் மோட்டரில் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் சேர்வதால் பிளக்கிற் கரி படியும். புதிய பிளக்கும் விரைவிற் கறுத்துப்போமாயின் காபரேற்றரையும் கவனித்தல் வேண்டும்.

3. முதற் சோதனை

பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், கரையிலேயே வேலையைத் தொடங்குதல் வேண்டும். பிளக்கைக் கழற்றி அதன் கம்பியில் மாட்டி, உலோகப் பகுதியை இயந்திரத்தின் உடலோடு நன்கு படியச் செய்தல் வேண்டும். பிளக் துளையிலிருந்து பெற்றோல் ஆவி வெளிவருமாதலால் பிளக்கைத் துளையினின்று விலக்கி வைத்தல் இன்றியமையாதது. பின்னர் கயிற்றை விரைவாக இழுத்துப் பார்க்கலாம். கம்பியின் நுனியைக் கையால் தொடலாகாது.

நீலநிறத் தீப்பொறி சட்டெனத் தோன்றினால் நன்று. மங்கலான மஞ்சட் பொறி வலுவற்றது. பிளக்கில் தெரியும் பொறி மட்டும் போதிய சான்றாகாது. உருளையினுள் அழுத்தத்தின்கீழ்ப் பொறி பாய்வதற்கு அதிக வலு வேண்டும். ஆகவே, கால் அங்குல இடைவெளியைத் தாண்டும் பொறியே நம்பத்தக்கது.

பொறி இல்லையாயின் உடனே சில்லைக் கழற்றுதல் கூடாது. முதலில் வேறொரு நல்ல பிளக்கை மாட்டிப் பார்த்தல் வேண்டும். அடுத்து, மோட்டரை நிறுத்தும் பொத்தானுக்குச் செல்லும் கம்பியை விலக்கிப் பார்த்தல் வேண்டும். அக்கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தில் தொட்டாலும் பொறி எழாது. இரு உருளை மோட்டரில் ஒன்றில் மட்டும் பொறி இருக்குமாயின், மற்றப் பக்கத்தின் பொயின்றிலோ, கண்டென்சரிலோ, கொயிலிலோ பழுதிருக்கும்.

4. சில்லைக் கழற்றல்

சில்லின் நடு நட்டை அகற்றியபின், சில்லிலுள்ள திருகு துளைகளிற் பொருத்தும் இழுப்பானைக் கொண்டே அதனைத் தூக்குதல் வேண்டும். சுத்தியலால் அடித்தாலும் விளிம்பைப் பிடித்து நெம்பினாலும் தண்டு வளையும், காந்தமும் வலுவிழக்கும். தண்டுக்கும் சில்லுக்கும் இடையேயுள்ள சிறு சாவித்துண்டு தொலைந்துபோகாமற் காத்தல் வேண்டும். அது வெட்டுப்பட்டிருந்தால் பொறி பிழையான வேளையில் எழும்.

5. தொடுமுனைகளும் கண்டென்சரும்

தொடுமுனைகளில் இலேசான மாசு இருந்தால் மெல்லிய அரத்தால் ஓரிருமுறை தேய்த்து, பின் ஸ்பிரிற்றில் நனைத்த சுத்தமான காகிதத்தை இடையிற் செலுத்தி இழுத்துத் துடைத்தல் வேண்டும். எமரித் தாளின் துகள் முனையிற் பதிந்துவிடுமாதலால் அதனைத் தவிர்த்தல் நன்று. ஆழமாகக் குழி விழுந்த முனைகளை மாற்றுதலே சிறந்தது. அத்தகைய குழி கண்டென்சர் பழுதுற்றமைக்கும் அறிகுறியாகலாம்.

தண்டின் மேடு முனைகளை முற்றாகப் பிரித்துள்ள நிலையில், தகட்டுமானியால் இடைவெளியை அளத்தல் வேண்டும். பல பழைய மோட்டர்களுக்கு இது 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். மோட்டரின் கைந்நூல் வேறு அளவு கூறினால் அதுவே கொள்ளத்தக்கது. மேட்டைத் துடைக்கும் கம்பளித் துண்டில் ஒரு துளி எண்ணெய் போதும். மிகுந்த எண்ணெய் முனைகளிற் பட்டு மீண்டும் பழுதை உண்டாக்கும்.

6. கொயில்

பழைய கொயிலின் உறை காலப்போக்கில் வெடிக்கின்றது. வெடிப்பினுள் ஈரம் புகுந்தால், வெயிலில் ஓடும் மோட்டர் பனிநாளில் ஓட மறுக்கும். வெடித்த கொயிலை மாற்றுதலே தக்கது. பிளக்கிற்குச் செல்லும் கம்பியின் உறையும் நொறுங்கியிருந்தால் மாற்றுதல் வேண்டும். புதிய கொயிலைப் பொருத்தும்போது, அதன் இரும்புப் பாதங்கள் சில்லின் காந்தங்களுக்கு மிக அருகில் நிற்க வேண்டும், ஆனால் உரசலாகாது.

7. மீளப் பொருத்தலும் ஓட்டிப் பார்த்தலும்

தண்டின் சரிவையும் சில்லின் உட்புறத்தையும் எண்ணெயின்றித் துடைத்து, சாவித்துண்டை வைத்து, நட்டை உறுதியாக முடுக்குதல் வேண்டும். நீரின்றி மோட்டரை ஓட்டினால் அதன் குளிர்நீர்ப் பம்பி கெட்டுவிடும். ஆகவே, நீர் நிறைந்த பீப்பாயில் அதன் கீழ்ப்பகுதியை அமிழ்த்தி ஓட்டிப் பார்த்தல் வேண்டும். முதன்முறை நீர்நிலையில் இறக்கும்போது கரையோரமாகவே சென்று திரும்புதல் வேண்டும். துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் இன்றி எவரும் புறப்படலாகாது.

8. நாட்பட்ட பராமரிப்பு

வேலை முடிந்தபின் மோட்டரை நிழலில், காற்றோட்டமான கொட்டிலில் நிறுத்தி வைத்தல் நன்று. பிளாஸ்ரிக் விரிப்பால் இறுக மூடினால் உள்ளே வியர்வைபோல் ஈரம் கோக்கும். துணி விரிப்பே ஏற்றது. மாற்றுப் பிளக் ஒன்றும், பிளக் ஸ்பனரும், தகட்டுமானியும், மெல்லிய அரமும் அடங்கிய சிறு பெட்டி எப்பொழுதும் படகில் இருத்தல் வேண்டும்.

பிற்கால மோட்டர்களில் தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணுத் தொகுதி அமைந்துள்ளது. அதனைத் திறந்து செப்பனிட முயலாது, பழுதுற்றால் முழுமையாக மாற்றுதல் வேண்டும். தொடுமுனைகள் உள்ள மோட்டரோ, பருவந்தோறும் ஒருமுறை துடைத்து அளந்து பார்த்தால் நீரின் நடுவே கைவிடுவது அரிதாகும்.